எல்என்40 பிக்கப்: 2கேடி போடலாமா, 5எல் போடலாமா?

செம்மண்ரோடு · 22 ஜூன் 2024

வண்டி 1982 டொயோட்டா ஹைலக்ஸ் எல்என்40. டீசல், 2.2 எல் இஞ்சின், நாலு கியர். பிளாக்ல விரிசல், லேத் கடையில வெல்டிங் தாங்காதுன்னு கையை விரிச்சிட்டாங்க. மலேசியாவுல பேராக், சுங்கை சிப்புட், லிந்தாங் பக்கம் செம்பனைக் குலை ஏத்துற வண்டி. ஆஃப் கட் கடையில (வெட்டின பழைய வண்டி இஞ்சின் விக்கிற கடை) "2கேடி போடு, அப்படியே உட்காரும், ரெண்டு நாள் வேலை"ங்கிறாங்க. பக்கத்துலயே ஒரு 5எல்-லும் கிடக்கு. ரெண்டும் டொயோட்டா டீசல் இஞ்சின்தான். எதை எடுக்கலாம்?

பழையஸ்பேனர் · 22 ஜூன், இரவு

உட்காரும். ஓடணும்ல.

காகிதத்துல பார்த்தா 2கேடி பெரிய ஆள்தான். 2494 சிசி, டர்போ, விகோவுல (பிந்தைய ஹைலக்ஸ்) 102 குதிரை, 260 நியூட்டன் மீட்டர். ஆனா அது காமன் ரெயில், அதாவது கம்ப்யூட்டர் சொல்ற அளவுல ரொம்ப அழுத்தத்தோட டீசல் பீச்சுற வகை. இஞ்சினோட சேர்த்து ஈசியு (இஞ்சின் கம்ப்யூட்டர்), வெட்டாத முழு வயரிங், சிப் வச்ச சாவி, இம்மொபிலைசர் பெட்டி (திருட்டுத் தடுப்பு), எலெக்ட்ரானிக் எக்ஸிலேட்டர் மிதி, பியூஸ் பெட்டி எல்லாம் ஒரே வண்டியிலிருந்து வரணும். ஒண்ணு குறைஞ்சாலும் ஸ்டார்ட்டர் சுத்தும், இஞ்சின் பிடிக்காது. கடைக்காரர் "எல்லாம் இருக்கு"ன்னா, அந்தச் சாவியாலேயே அங்கேயே ஓட்டிக் காட்டச் சொல்லுங்க. மழுப்பினா கிளம்பி வந்துடுங்க.

ரெண்டாவது, டேங்க். ரெயில்ல அழுத்தம் 1000 பாருக்கு மேல. நாற்பது வருஷத் துரு கிடக்கிற டேங்கை அதோட சேர்த்தா நாலு இன்ஜெக்டருக்கும் மாலை போட்டாச்சு.

5எல் உங்க பழைய இஞ்சினோட அதே குடும்பம். எல் 2188 சிசி, 2எல் 2446, 3எல் 2779, 5எல் 2986. பெல் ஹவுசிங் (இஞ்சினையும் கியர் பாக்ஸையும் சேர்க்கிற கூடு) போல்ட் அமைப்பு ஒண்ணுதான், பிளாக்கோட வெளிவடிவமும் ஏறக்குறைய ஒண்ணுதான். பழைய மவுண்டிங் பிராக்கெட்டைக் கழட்டி இதுல மாட்டினா அதே இடத்துல இறங்கும். வண்டிச் சேசிஸ்ல வெட்டு, வெல்டிங் எதுவும் இல்லை. டர்போ கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது. இழுவை உங்க பழசை விட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. குலை ஏத்துற வண்டிக்கு இது போதும்.

பழையஸ்பேனர் · 23 ஜூன்

காசு கொடுக்கறதுக்கு முன்னாடி பார்க்க வேண்டியது:

முதல்ல பம்ப். எக்ஸிலேட்டர் கேபிள் மாட்டுற லீவர் பம்ப் மேல இருக்கணும். லீவர் இல்லாம கனமான வயர் சாக்கெட் வந்தா அது 5எல்-ஈ. அதுக்கும் ஈசியு வேணும், மேலே சொன்ன கதைதான்.

கம்ப்ரெஷன். குளோ பிளக்கை (ஸ்டார்ட் பண்ண உள்ளே சூடேத்துற பிளக்) கழட்டி அந்த ஓட்டையில கேஜ் போடணும். டீசல் கேஜ்தான், பெட்ரோல் கேஜ் போட்டா கேஜ் செத்துடும். நல்ல இஞ்சின் 32 கிலோ (சதுர செ.மீ.க்கு) காட்டும். 20-க்குக் கீழே போனா எடுக்காதீங்க. சிலிண்டருக்குச் சிலிண்டர் வித்தியாசம் 5-க்கு மேல இருந்தாலும் வேண்டாம். நாலும் 27-ன்னா எடுக்கலாம். மூணு 32, ஒண்ணு 24-ன்னா ஹெட்டோ ரிங்கோ போயிருக்கு.

ஓடும்போது எண்ணெய் ஊத்துற மூடியைத் திறந்து பாருங்க. லேசா ஆவி வந்தா பரவாயில்லை. மூடியைத் தலைகீழா வச்சா துள்ளி விழுதுன்னா ரிங் தேய்ஞ்சிடுச்சு. ரேடியேட்டர் வாயில விடாம குமிழி வந்தா ஹெட் விரிசல் அல்லது கேஸ்கெட். ஏற்கெனவே சூடேத்தி வச்ச இஞ்சினை ஓட்டிக் காட்டுவாங்க, அதுல பிடிக்காத இஞ்சினும் பிடிக்கும். குளிர்ந்து கிடக்கறப்ப போங்க.

செம்மண்ரோடு · 23 ஜூன்

நன்றி அண்ணே. 5எல் ஹையேஸ் வேன்ல இருந்து எடுத்ததாம். ஆட்டோ கியர். பம்ப்ல லீவர் இருக்கு.

பழையஸ்பேனர் · 24 ஜூன்

ஹையேஸும் ஆட்டோவுமா? அப்போ முந்தாநாள் "அதே இடத்துல இறங்கும்"னு எழுதினதுக்குக் கீழே ரெண்டு பட்டியல் சேர்க்கணும்.

ஹையேஸ்னால வர்றது: சம்ப் (இஞ்சின் அடியில இருக்கிற எண்ணெய்த் தொட்டி) வடிவம் வேற. எண்ணெய் தேங்குற குழி வேற இடத்துல இருக்கும், உங்க கிராஸ் மெம்பர்லயோ (சேசிஸ் குறுக்குக் கட்டை) ஸ்டீயரிங் ராட்லயோ இடிக்கும். பழைய இஞ்சினோட சம்ப், உள்ளே இருக்கிற உறிஞ்சு குழாய், சல்லடை, டிப்ஸ்டிக் நாலையும் சேர்த்து மாத்துங்க. சம்பை மட்டும் மாத்தி உறிஞ்சு குழாயை விட்டா அது எண்ணெய் இல்லாத இடத்துல காத்தை உறிஞ்சும். வண்டி கடையை விட்டு ஓடியே வெளியே வரும், பேரிங் வீட்டுக்கு வராது. தண்ணி அவுட்லெட், ஃபில்டர் பிராக்கெட், இன்டேக் குழாய் எந்தப் பக்கம் பார்க்குதுன்னும் பழசோட ஒப்பிட்டுப் பாருங்க. எண்ணெய் சுமார் 6 லிட்டர் பிடிக்கும். முதல்ல 5 ஊத்திட்டு, அப்புறம் டிப்ஸ்டிக் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்க.

ஆட்டோவால வர்றது: பின்னாடி ஃபிளைவீல் இருக்காது, மெல்லிசான ஃபிளெக்ஸ் பிளேட்தான் இருக்கும். மேனுவல் ஃபிளைவீலும் அதுக்கான போல்ட்டும் தேடணும். ஃபிளெக்ஸ் பிளேட் போல்ட் நீளம் வேற, அதைப் போடாதீங்க. கிராங்க் நடுவுல பைலட் பேரிங் இருக்கான்னு விரலை விட்டுப் பாருங்க. ஆட்டோ கிராங்க்ல பெரும்பாலும் அது போட்டிருக்காது. மறந்துட்டா கியர் பாக்ஸ் முன் ஷாஃப்ட் ஆடி, கியர் விழும்போது நறநறன்னு அரைக்கும். அப்போ மறுபடி எல்லாத்தையும் இறக்கணும். கிளட்ச் பிளேட் வாங்கினதும் முன் ஷாஃப்ட்ல கையாலேயே போட்டு வழுக்கிப் பாருங்க, பல் எண்ணிக்கை பொருந்தணும்.

டைமிங் பெல்ட்டும் டென்ஷனரும் 5எல்-லுக்கு உரியதைப் புதுசா போடுங்க, 100,000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை மாத்துற பொருள் அது. கிடக்கிற பெல்ட் எவ்வளவு ஓடினதுன்னு யாருக்கும் தெரியாது. அறுந்தா வால்வ் பிஸ்டன்ல மோதும்.

வால்வ் இடைவெளி குளிர்ந்த நிலையில இன்டேக் 0.20 முதல் 0.30 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.40 முதல் 0.50. பழைய எல் இஞ்சின்ல ராக்கர் ஸ்குரு திருகுவீங்க. இதுல ஸ்குரு கிடையாது, ஷிம் (மெல்லிய தகடு) மாத்தணும்.

கியர்ஐந்து · 24 ஜூன்

இறக்கி ஏத்த செயின் பிளாக் வேணும். இஞ்சின் 200 கிலோவுக்கு மேல. வீட்டுக் கூரை உத்திரத்துல கட்டாதீங்க. ரம்புத்தான் மரக் கிளையிலயும் கட்டாதீங்க, பழம் மட்டும் விழாது.

வயர்மேன்_கோலகங்சார் · 26 ஜூன்

குளோ பிளக் பத்தி யாரும் பேசலை.

ஆஃப் கட்டுல வயரிங் பெரும்பாலும் வெட்டித்தான் வரும். பிடிக்கலைன்னதும் பொமன் (பட்டறை மெக்கானிக்) ஒரு பட்டனும் ரிலேயும் வாங்கி 12 வோல்ட்டை நேரா கொடுத்துடுவார். அண்ணன் "கம்ப்யூட்டர் கிடையாது"ன்னு சொன்னது சரி, ஆனா இந்தக் குடும்பத்துல குளோ பிளக் ரெண்டு வகை. ஒண்ணு 6 வோல்ட், சீக்கிரம் சூடாகுற வகை. அதுக்கு ரெண்டு ரிலே, ஒரு ரெசிஸ்டர் எல்லாம் உண்டு. இன்னொண்ணு 11 அல்லது 12 வோல்ட். 6 வோல்ட் பிளக்குக்கு நேரா 12 கொடுத்தா முனை வீங்கி உருகும். உருகின துண்டு உள்ளே விழுந்தா பிஸ்டன் போச்சு, வீங்கினது ஹெட்ல மாட்டினா கழட்டும்போது உடையும்.

பிளக் உடம்புல வோல்ட் பொறிச்சிருக்கும், படிங்க. படிக்க முடியலைன்னா நாலையும் தூக்கிப் போட்டு 12 வோல்ட் வகையைப் புதுசா வாங்குங்க. பட்டன் வைக்கிறதுன்னா 80 ஆம்பியர் தாங்குற ரிலே, கனமான கேபிள், நடுவுல பியூஸ். அழுத்துறது 6 முதல் 8 வினாடி, அவ்வளவுதான். நம்ம ஊர் சூட்டுல மதியம் தேவையே இருக்காது. காலையிலயும் ரிங்லெட் மாதிரி மேட்டுல நிறுத்தி வச்சாலும் வேணும்.

பம்ப்ல ஒரு சொலினாய்டு இருக்கும், அதுக்குச் சாவி வழியா 12 வோல்ட் போகணும். போகலைன்னா டீசல் திறக்காது. "பம்ப் போச்சு"ன்னு கழட்டின பல பம்ப் இந்த ஒரு வயராலதான்.

பழையஸ்பேனர் · 26 ஜூன்

குளோ விஷயம் வயர்மேன் சொன்னதுதான் சரி, அதையே பிடிச்சுக்குங்க.

ஆல்டர்னேட்டர் பின்னாடி ஒட்டியிருக்கிற உருண்டை வேக்கம் பம்ப், அதைக் கழட்டிடாதீங்க. டீசல் இஞ்சின்ல பிரேக் பூஸ்டருக்குக் காத்து உறிஞ்சுறது அதுதான். சார்ஜ் வரலைன்னு வேற வண்டி ஆல்டர்னேட்டரை மாட்டினா பேட்டரி சார்ஜ் ஏறும், பிரேக் மிதி கல்லாயிடும். அந்தப் பம்புக்கு எண்ணெய் போகுற குழாய் ஒண்ணு, திரும்புற குழாய் ஒண்ணு. ரெண்டும் ரப்பர், ரெண்டும் புதுசா போடுங்க. எண்ணெய்க் குழாய் அறுந்தா இஞ்சின் எண்ணெய் மொத்தமும் ரோட்டுல.

விகோபிரியன் · 30 ஜூன்

எல்லாம் சரிண்ணே, டீசல் விலையைப் பாருங்க. 2024 ஜூன் 10-லருந்து தீபகற்பத்துல லிட்டர் 2.15-லிருந்து 3.35 வெள்ளி ஆக்கிட்டாங்க. இப்பப் போய் 3 லிட்டர் டீசலா? ரோன் 95 பெட்ரோல் இந்த 2024 ஜூன்ல 2.05-தான். 3ஒய் பெட்ரோல் இஞ்சின் போடுங்க, 2 லிட்டர், கார்புரேட்டர். ஃபோர்க்லிஃப்ட்ல இருக்கிற 4ஒய் கூட எங்கேயும் கிடைக்கும்.

பழையஸ்பேனர் · 30 ஜூன்

நியாயமான கேள்வி, கணக்குப் போடுவோம். 60 லிட்டர் டேங்க் முன்ன 129 வெள்ளி, 2024 ஜூன் விலையில 201. பெட்ரோல்னா 123. ஒரு டேங்குக்கு 78 வெள்ளி வித்தியாசம், கண்ணைக் குத்துது.

ஆனா அதே 60 லிட்டர்ல பெட்ரோல் இஞ்சின் அவ்வளவு தூரம் போகாது, சுமையோட செம்மண் மேட்டுல இன்னும் குறையும். புடி மடானியில (அரசாங்க டீசல் உதவித்தொகை) டீசல் வண்டிக்காரருக்கும் சிறுதோட்டக்காரருக்கும் 2024 கணக்குப்படி மாசம் 200 வெள்ளி. தகுதி இருந்தா உங்க வித்தியாசத்துல ஒரு பங்கு அங்கேயே அடங்கும். கிரான்ல (வண்டிப் பதிவுப் பத்திரம்) டீசல்னு இருக்கிறதைப் பெட்ரோல்னு மாத்தினா அந்தக் கதவும் சாத்திக்கும்.

வேலையும் கூடும். டேங்க், குழாய் எல்லாம் டீசல் வாடை போகக் கழுவணும், பம்ப் வேற, மவுண்டிங் வேற, பெல் ஹவுசிங் வேற. வாரத்துல ரெண்டு நாள் மட்டும், சுமையில்லாம ஓடுற வண்டின்னா 3ஒய் நல்ல யோசனை. செம்மண்ரோடு வண்டி தினம் குலை ஏத்துது, 5எல்-தான்.

4ஒய் ஃபோர்க்லிஃப்ட் இஞ்சின்ல கவர்னர் இருக்கும், கழட்டாம போட்டா ஹைவேயிலயும் ஃபோர்க்லிஃப்ட்தான்.

பழையஸ்பேனர் · 4 ஜூலை

டீசல்னதும் விட்டுப்போனது ஒண்ணு. இப்போ பங்க்ல வர்ற டீசல்ல பாமாயில் கலந்திருக்கு, பி10-ன்னா 10 விழுக்காடு பாம் மெத்தில் எஸ்டர். நம்ம தோட்டத்துக் குலையே சுத்தி வந்து நம்ம டேங்குல விழுதுன்னு வச்சுக்கலாம். இதுக்கு ரெண்டு குணம். டேங்க் சுவர்ல பல வருஷமா ஒட்டின கசடைக் கரைச்சு இறக்கும், பழைய ரப்பர் குழாயை ஊதவச்சு மிருதுவாக்கும்.

அதனால டேங்கை இறக்கிக் கழுவாம புது இஞ்சின் போட்டா முதல் மாசமே ஃபில்டர் அடைக்கும். ஏத்தத்துல இஞ்சின் மூச்சு வாங்கும், சமதளத்துல சரியாயிடும். அந்தக் குறியைப் பார்த்துட்டு பம்பைப் பிரிக்காதீங்க, ஃபில்டரை மாத்துங்க. முதல் ரெண்டு மாசம் வண்டியிலேயே ஒரு ஃபில்டர் வச்சிருங்க.

குழாய்: போற குழாய், திரும்புற குழாய் ரெண்டும் பயோடீசல் தாங்குற வகை. இந்த பம்ப் டேங்குல இருந்து உறிஞ்சித்தான் எடுக்குது, தள்ளி அனுப்ப வேற பம்ப் கிடையாது. அதனால ஊசி முனை அளவு வெடிப்புல டீசல் கசியாது, காத்து உள்ளே போகும். காலையில பத்து தடவை சுத்தினாத்தான் பிடிக்கும், அப்புறம் நாள் பூரா ஒழுங்கா ஓடும். பம்புக்கு முன்னாடி ஒரு சாண் உள்ளே தெரியுற பிளாஸ்டிக் குழாய் தற்காலிகமா போட்டுப் பாருங்க. குமிழி ஓடினா காத்து. கை பிரைமர் தலையிலயும் கசியும், அது பழசானா அதுதான் முதல் சந்தேகம்.

செம்மண்ரோடு · 13 ஜூலை

இஞ்சின் எடுத்துட்டேன், கம்ப்ரெஷன் நாலும் 28, 29. ரேடியேட்டர் பழசே போதுமா? பொமன் பம்ப் ஸ்குருவைக் கொஞ்சம் திருகினா இன்னும் இழுக்கும்ங்கிறார்.

பழையஸ்பேனர் · 13 ஜூலை

அந்த ஸ்குருவைத் தொட விடாதீங்க. அது ஃபுல் லோட் ஸ்குரு. திருகினா டீசல் கூடும், காத்து கூடாது. கருப்புப் புகையும் சூடும்தான் மிச்சம், புஸ்பாகோம்ல (வண்டிச் சோதனை மையம்) புகைச் சோதனையிலயும் தோத்துடும். இந்தக் குடும்பத்து ஹெட் சூட்டுக்கு மென்மையானது, வால்வுக்கும் வால்வுக்கும் நடுவுலதான் விரிசல் விழும். 2எல்-டி டர்போ வச்சிருந்தவங்களைக் கேட்டா விடிய விடியச் சொல்வாங்க.

ரேடியேட்டர் 2.2-க்குப் போட்டது, 3 லிட்டருக்குப் போதாது. மூணு வரிசை செம்பு கோர் கட்டச் சொல்லுங்க. ரேடியேட்டர் மூடி 0.9 கிலோ அழுத்தத்துக்கானது, புதுசு. தெர்மோஸ்டாட் 82 டிகிரி, கட்டாயம் போடணும். "நம்ம ஊர் சூடு, தெர்மோஸ்டாட் எதுக்கு"ன்னு கழட்டிப் போடுற பழக்கம் இங்கே நிறைய. அது இல்லைன்னா பைபாஸ் வழி மூடாது, தண்ணியில ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமலே சுத்தும், சுமையில சூடு ஏறும். ஃபேன் சுத்தி பிளாஸ்டிக் கூடு கட்டாயம். கூடு இல்லாத ஃபேன் இஞ்சின் ரூம் காத்தையே சுத்திச் சுத்தி வீசும். ஃபேன் இலைக்கும் ரேடியேட்டருக்கும் 25 மி.மீ. இடைவெளி விடுங்க.

ஹெட்டைக் கழட்டுறதா இருந்தா: கேஸ்கெட் மூணு தடிமன்ல வரும், பி, டி, எஃப்-ன்னு குறி இருக்கும். பி மெல்லிசு, எஃப் தடிசு. பிஸ்டன் மேல வந்து நிக்கிறப்ப பிளாக் மட்டத்துக்கு மேல எவ்வளவு எட்டிப் பார்க்குதுன்னு டயல் கேஜ்ல அளந்துதான் எது வேணும்னு முடிவு பண்ணணும். கடையில இருக்கிறதைக் கொடுத்தா வாங்காதீங்க. கம்ப்ரெஷன் நல்லா இருக்கிறதால உங்களுக்கு அந்த வேலை இப்போ வேண்டாம். தேவையில்லாம ஹெட்டைத் திறக்கிறது பெரிய வினை.

கியர்ஐந்து · 14 ஜூலை

டிஃப் (பின் அச்சு டிஃபரென்ஷியல்) பல் விகிதம் பாருங்க. ஒரு பின் சக்கரம் தரையில, மத்ததைத் தூக்கி, கியர் நியூட்ரல்ல. தூக்கின சக்கரத்தை ரெண்டு சுத்து சுத்தி, புரொபெலர் ஷாஃப்ட் எத்தனை சுத்துதுன்னு எண்ணுங்க. நாலும் கொஞ்சமும்னா 4.1, நாலரைன்னா 4.556. முன் சக்கரத்துக்குக் கட்டை வைங்க.

185 ஆர் 14 டயர் ஒரு சுத்துக்கு 2 மீட்டர் போகும்னு வைங்க. 90-ல போகும்போது நாலாவது கியர்ல 4.1-ன்னா சுமார் 3075 சுற்று, 4.556-ன்னா 3400-க்கு மேல. 5எல் தாங்கும், காது தாங்காது. அஞ்சு கியர் பாக்ஸ் கிடைச்சா 4.1-ல 2600 பக்கம் வந்துடும். அஞ்சு கியர் போட்டா பாக்ஸ் நீளம் மாறும், புரொபெலர் ஷாஃப்ட் வெட்டி பேலன்ஸ் பண்ணணும், கியர் பாக்ஸ் கிராஸ் மெம்பர் தள்ளணும்.

பழையஸ்பேனர் · 14 ஜூலை

குலை ஏத்துற வண்டிக்கு 4.556-ஐ மாத்தாதீங்க. இழுவை அங்கேதான் இருக்கு. அஞ்சு கியர் ஆசை பிறகு.

இன்னொண்ணு, முன்னால டிரம் பிரேக்னா இப்போவே ஷூவும் வீல் சிலிண்டரும் பாருங்க. ஏத்தத்துல வேகம் கூடின வண்டி இறக்கத்துலயும் கூடின வேகத்துலதான் வரும்.

செம்மண்ரோடு · 2 ஆகஸ்ட்

ஓடுது. மெனோரா சுரங்கம் ஏத்தத்துல சுமையோட மூணாவது கியர்ல புகையில்லாம ஏறுச்சு, சூடு முள் நடுவுல நின்னுச்சு. ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) வேலை எப்படி?

பழையஸ்பேனர் · 3 ஆகஸ்ட்

இஞ்சின் எண்ணும் சிசியும் கிரான்ல மாறணும். மாத்தாம ஓட்டினா ரோட் பிளாக்ல சிக்கல், விபத்துன்னா இன்சூரன்ஸ்லயும் சிக்கல். வேலைக்கு முன்னாடியே கேட்டிருக்கணும், பரவாயில்லை. ஆஃப் கட் கடை ரசீதுல இஞ்சின் எண் எழுதி இருக்கணும், இறக்குமதி இஞ்சின்னா சுங்கத்துறை கே1 (இறக்குமதி) படிவத்தோட நகல் வாங்குங்க, மாட்டின பட்டறையோட கடிதம். ஜேபிஜே அனுமதி, புஸ்பாகோம் சோதனை ரெண்டும் இல்லாம கிரான் மாறாது. எண்ணைத் தேய்க்க வயர் பிரஷ் மட்டும். கிரைண்டர் பட்ட எண்ணைப் பார்த்தா அதிகாரி அடுத்த கேள்வி கேட்க மாட்டார், வண்டியை நிறுத்திடுவார். தனியார் வண்டிக்கு ரோட் டெக்ஸ் சிசி கணக்குத்தான், 2188-லிருந்து 2986 ஆகுறதால கூடும். இன்சூரன்ஸ்காரருக்கும் சொல்லிடுங்க.

1000 கிலோமீட்டர்ல எண்ணெயும் ஃபில்டரும் மாத்துங்க, தண்ணி பிரிக்கிற கிண்ணத்தை வடிச்சு விடுங்க. பழைய பிளாக்கைக் கிரான் மாறுற வரைக்கும் இரும்புக் கடைக்குப் போடாதீங்க, பழைய எண்ணைக் காட்டச் சொன்னா காட்டணும்.

விகோபிரியன் · 3 ஆகஸ்ட்

அந்த 2கேடி இன்னும் கடையில கிடக்கா?

செம்மண்ரோடு · 3 ஆகஸ்ட்

கிடக்கு. சாவி இல்லையாம்.